ஆய்வாளரின் பையில் ஒரு மடக்குக் கத்தி

கள ஆய்வுக்கு முதன்முறையாகப் புறப்படும் மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, எந்தக் கத்தியை வாங்குவது என்பது. செடிகளைச் சேகரிக்கும் துறையில் இருப்பதால் இக்கேள்வி என்னிடம் அடிக்கடி வந்துசேர்கிறது. கேள்வியுடன் பெரும்பாலும் ஒரு பட்டியலும் வரும்: தொழிற்சாலைத் தயாரிப்புகளுள் மிகச் சிறந்த ‘டாக்டிகல்’ மடக்குக் கத்திகள் பத்து. கறுப்புப் பூச்சு கொண்ட அலகு, உளிபோல் வெட்டப்பட்ட முனை, விளிம்பின் அடிப்பாதியில் ரம்பப் பல், பிடியின் வாலில் கண்ணாடியை உடைக்கும் கூர்முனை. “அண்ணா, இதுல எது நல்லது?” இவ்வாண்டு மட்டும் மூவர் கேட்டுவிட்டதால், தனித்தனியே பதில் எழுதாமல் இங்கே பொதுவில் எழுதிவைக்கிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்தருள்க.

முதலில் அந்தப் பெயரடை. ‘டாக்டிகல்’ என்பது போர்முறை சார்ந்த சொல். எதிரி ஒருவன் இருக்கிறான் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு பேசும் சொல். அமெரிக்கக் கத்திச் சந்தையில் 1990களில் அது பெரும் செல்வாக்குப் பெற்றது. ஆனால் அப்பெயரின்கீழ் இன்று விற்கப்படும் நல்ல கூறுகள் எல்லாம் போர்க்களத்திலிருந்து வந்தவை அல்ல. 1981இல் ஸ்பைடர்கோ நிறுவனம் ஒரு மடக்குக் கத்தியை வெளியிட்டது. அலகில் ஒரு வட்டத் துளை. பிடியில், சட்டைப்பையின் விளிம்பில் செருகிக்கொள்ள ஒரு கவ்வி. ஒரு கை வேலையில் இருக்கும்போது மறு கையின் கட்டைவிரலால் கத்தியைத் திறப்பதற்கான ஏற்பாடு அது. அக்கத்திக்கு அவர்கள் இட்ட பெயர் ‘வொர்க்கர்’, அதாவது உழைப்பாளி. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் அந்த உழைப்பாளிக்குச் சந்தை படைவீரனின் உடையை மாட்டிவிட்டது. உடையைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் துளையும் கவ்வியும் இன்றும் பயனுள்ளவையே. மரக்கிளையை இடக்கையால் வளைத்துப் பிடித்திருப்பவனுக்கு அவற்றின் அருமை தெரியும்.

மற்றவை அப்படியல்ல. உளிமுனை குத்துவதற்கு வலிமையானது. ஆனால் அதன் விளிம்பில் வளைவு இல்லை. இஞ்சி இனக் கிழங்கு ஒன்றை நெடுக்குவாட்டில் இரண்டாக வகிர்ந்து உலர்த்தும் வேலைக்கு வளைந்த விளிம்பே வேண்டும். ரம்பப் பல் கயிற்றை நன்றாக அறுக்கும். இளந்தண்டின் பட்டையையோ பிய்த்துவிடும். தட்டையான கல்லில் அதைத் தீட்டவும் முடியாது. கறுப்புப் பூச்சு துருவைத் தடுக்கும் என்கிறார்கள். பூச்சு உராய்ந்த இடத்தில் துரு தொடங்குவதை அதே பூச்சு நம் கண்ணுக்கு மறைக்கவும் செய்யும். கண்ணாடி உடைக்கும் முனை என் பையின் உட்புறத் துணியைக் கிழித்ததன்றி வேறெதையும் உடைத்ததில்லை. ஆக, பட்டியலில் உள்ள பத்தில் பெரும்பாலானவை இவ்விடத்திலேயே கழிந்துவிடுகின்றன. எஞ்சியவற்றுள் தேர்ந்தெடுப்பதற்கு, கத்தி போகப்போகிற இடத்தையும் பார்க்க வேண்டும்.

நான் பெரும்பாலும் திரிவது பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், மீனாட்சிபுரத்தைச் சுற்றிய தென்னந்தோப்புகளிலும் வாய்க்கால் கரைகளிலும். ஆண்டில் சில மாதங்கள் இடுக்கி மாவட்டத்தின் மறையூர், சின்னாறு பக்கம். இரண்டும் கேரளமே. ஆயினும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நான் செல்லும் வழி, பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை எனத் தமிழ்நாட்டுக்குள் இறங்கி, ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் காட்டைக் கடந்து, மீண்டும் கேரளத்துக்குள் ஏறுவது. ஒரே நாளில் மாநில எல்லையை இருமுறை கடக்கிறோம். சோதனைச் சாவடிகளில் பையைத் திறந்து காட்ட நேர்வது இவ்வழியில் புதிதன்று. செடி அழுத்தும் சட்டம், பழைய செய்தித்தாள், கயிறு, உருப்பெருக்கி, கத்தரி என ஒவ்வொன்றாக எடுத்துவைக்கும்போது, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியத்தில் விளக்கம் சொல்ல முடிய வேண்டும். கத்திக்கும் அப்படித்தான். ‘எதற்கு இது?’ என்ற வினாவுக்குக் கத்தியின் தோற்றமே பாதி விடையைச் சொல்லிவிடும். மீதிப் பாதியை மட்டுமே நாம் சொல்ல வேண்டியிருக்கும்.

சித்தூர் வட்டம் கேரளத்தின் கள் உற்பத்தியில் தலையாய இடம். இங்கு இறக்கப்படும் தென்னங்கள் உரிய அனுமதியுடன் வண்டிகளில் பிற மாவட்டங்களுக்கும் செல்கிறது. எல்லைக்கு இப்பால் அது உரிமம் பெற்ற தொழில். அப்பால் தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. ஒரே காற்று, ஒரே தென்னை, நடுவில் ஒரு வாய்க்காலோ ஒரு சாலையோதான். பாளை சீவும் கத்தி இப்பக்கம் ஒரு குடும்பத்தின் சோறு. அப்பக்கத் தோப்பில் அதே கத்தி, கள் நிரம்பிய கலயத்தின் பக்கத்தில் கிடந்தால், வழக்கின் தடயப் பொருள். இரும்பில் எந்த வேறுபாடும் இல்லை. எல்லையில் வளர்ந்தவர்களுக்கு இது வியப்பாக இராது. பட்டியல் பார்த்துக் கத்தி வாங்குபவர்களுக்குத்தான் இதை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கத்தியைப் பற்றி இவ்வட்டாரத்தில் யாரிடமாவது கேட்க வேண்டுமென்றால் பாளை சீவுபவர்களிடம்தான் கேட்க வேண்டும். விரியாத பாளையைக் கட்டி, நாள்தோறும் பதமாகத் தட்டி, அதன் நுனியைக் காகிதத் தடிமனில் சீவிக்கொண்டே போகிறார்கள். சீவல் தடித்தால் பாளை விரைவில் தீர்ந்துபோகும். கூர் மழுங்கினால் திசு நசுங்கிச் சாறு வருவது குறையும். தாவர உடற்செயலியல் வகுப்பில் நாம் படிக்கும் பாடத்தை அவர்கள் மரத்தின் உச்சியில் அன்றாடம் செய்துகாட்டுகிறார்கள். மீனாட்சிபுரத்தை அடுத்த தோப்பு ஒன்றில், மரப்பலகையின் மேல் வெள்ளைக்கல் பொடியைத் தூவிக் கத்தியைத் தேய்த்துக்கொண்டிருந்த மூத்தவர் ஒருவர், என் மடக்குக் கத்தியை வாங்கிப் பார்த்தார். இருமுறை திறந்து மூடினார். கூரைக் கட்டைவிரல் நகத்தின்மேல் வைத்துப் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்குது தம்பி. ஆனா மடங்குற கத்தி மரத்து மேல ஆவாது.”

“ஏனுங்க?”

“கள்ளு உள்ள எறங்கிக்கும். அப்பறம் மடக்கவும் முடியாது, நம்பவும் முடியாது.”

இதைவிடச் சுருக்கமான தொழில்நுட்ப மதிப்புரையை நான் எங்கும் படித்ததில்லை. மடக்குக் கத்தியில் ஓர் அச்சு உண்டு; அச்சைச் சுற்றி இடைவெளி உண்டு; இடைவெளிக்குள் சாறும் மணலும் நூல்துரும்பும் புகும். வேலையையே வாழ்க்கையாகக் கொண்டவர் எவரும் தம் முதன்மைக் கருவியில் இத்தகைய பலவீனமான மூட்டு ஒன்றை வைத்துக்கொள்ள மாட்டார். பாளைக் கத்தி, கொடுவாள், தேயிலைத் தோட்டத்தில் கவாத்துச் செய்யும் கத்தி என இப்பகுதியின் உழைக்கும் கத்திகள் ஒன்றுகூட மடங்குவதில்லை. ஊர்க் கொல்லர் மடக்குக் கத்தி செய்யாததற்கும் காரணம் திறமைக் குறைவன்று. அதைக் கேட்டு வருபவர் இல்லை.

அப்படியானால் நமக்கு மட்டும் மடக்குக் கத்தி எதற்கு? பைக்குள் அடங்குகிறது என்பதே அதன் ஒரே நன்மை. அந்த ஒரு நன்மையும் நாம் யார் என்பதைச் சார்ந்தது. தோப்புக்காரரின் இடுப்பில் கொடுவாள் தொங்கினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முதுகில் மடிக்கணினிப் பை மாட்டிய வெளியூர் ஆள் ஒருவன் இடுப்பில் உறைக்கத்தி கட்டிக்கொண்டு தோப்புக்குள் நுழைந்தால் நாய்கூடக் கூடுதலாகக் குரைக்கும். கருவியை வெளிப்படையாக அணியும் உரிமையை ஊர் சிலருக்கு அவர்களுடைய உழைப்பின் பேரில் கொடுத்திருக்கிறது. நமக்கு அது இல்லை. ஆகவே மடக்கிப் பையில் வைக்கிறோம்.

சட்டமும் ஏறத்தாழ இதே கேள்வியைத்தான் கேட்கிறது. படைக்கல விதிகளின் அட்டவணை, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட கத்திகளை ஆயுதங்களின் வரிசையில் வைக்கிறது. கூடவே, வீட்டுப் பயன்பாடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காக வடிவமைக்கப்பட்டவற்றுக்கு விலக்கும் அளிக்கிறது. எதற்காக வடிவமைக்கப்பட்டது என்பதே அங்கு அளவுகோல். நாம் வாங்கும் மடக்குக் கத்திகள் இந்த அளவுகளுக்கு மிகவும் கீழே நிற்பவை. இவ்விதி நம்மைத் தொடாது. ஆயினும் பெட்டியின் மேல் ‘டாக்டிகல்’ என்று அச்சிட்டு விற்கப்படும் பொருள், எதற்காக என்ற வினாவுக்குத் தானே ஒரு விடையைச் சொல்லிக்கொண்டு வருகிறது என்பதை மறக்க வேண்டாம். ஆவணக் காப்பகத்துக்கோ கருத்தரங்கிற்கோ தில்லி செல்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கு 1980இல் வெளியான அறிவிக்கை ஒன்று, விசையாலோ பொத்தானாலோ வேறு இயந்திர அமைப்பாலோ திறக்கவோ மூடவோ செய்யும் கத்திகளுக்கு, 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் எட்டினாலே கட்டுப்பாடு விதித்தது. மேற்படி பட்டியல்களில் உள்ளவற்றுள் பல இந்த அளவை எட்டிவிடும். இங்கிலாந்துக்கு ஆய்வுக்குச் செல்பவர்களுக்கு வேறொரு விந்தை காத்திருக்கிறது. 3 அங்குலத்துக்கு உட்பட்ட மடக்குக் கத்தியைப் பொது இடத்தில் வைத்திருக்கலாம்; ஆனால் அது திறந்த நிலையில் பூட்டிக்கொள்ளும் வகையாக இருந்தால் அந்தச் சலுகை இல்லை, தக்க காரணம் காட்ட வேண்டும். விரலைக் காக்கும் பூட்டையே அந்தச் சட்டம் ஐயத்தோடு பார்க்கிறது.

நம் துறையினருக்கு மிகவும் முக்கியமானது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். அதில் ‘ஆயுதம்’ என்பதற்கான வரையறையில் துப்பாக்கி, வில், அம்பு, வலை, கண்ணி, நஞ்சு ஆகியவற்றோடு கத்தியும் பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கிறது. நீள அகலக் கணக்கு எதுவும் அங்கு இல்லை. சரணாலயத்துக்குள் ஆயுதத்துடன் நுழைய, முதன்மை வன உயிரினக் காப்பாளரிடமோ அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ முன்கூட்டியே எழுத்துவடிவில் அனுமதி பெற வேண்டும் என்பது 31ஆவது பிரிவு. சின்னாறும் பரம்பிக்குளமும் சரணாலயங்கள். மறையூரின் சந்தனக் காடுகளைச் சுற்றி வெட்டுக்கருவிகள் மீதான கண்காணிப்பு எவ்வளவு கூர்மையானது என்பதை அங்கு போனவர்கள் அறிவார்கள். எனவே ஆய்வு அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது கருவிகளின் பட்டியலில் கத்தரிக்கு அடுத்த வரியில் கத்தியையும் எழுதுங்கள்: அலகின் நீளம் இவ்வளவு, தாவர மாதிரிகளைப் பகுப்பதற்கு. எழுதிய வரி தாளில் இருந்தால் வனக்காவலரும் நிம்மதியாக இருப்பார். சந்தேகப்படுவது அவருடைய பணி. அவரை அதற்காக நொந்துகொள்வதில் பொருளில்லை.

சட்டத்தைவிட நுண்மையான இன்னொரு சோதனைச் சாவடி உண்டு. அது வீட்டு முற்றம். மறையூர்ப் பக்கம் ஒரு வீட்டில், மூலிகைகளின் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்த பாட்டி ஒருவர் எங்களுக்குப் பலாச்சுளை கொண்டுவந்தார். உடன் வந்திருந்த வேறொரு பல்கலைக்கழக நண்பர், சுளையை நறுக்குவதற்காகத் தம் கத்தியை எடுத்து மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டினார். ‘டக்’ என்று கறுப்பு அலகு நீண்டு நின்றது. அவர் எண்ணத்தில் களங்கம் எதுவும் இல்லை. ஆனால் பாட்டியின் மடியருகே நின்ற பேரக்குழந்தை உள்ளே ஓடியது. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. அதன்பின் வந்த விடைகள் மட்டும் ஒற்றைச் சொற்களாகச் சுருங்கின. அன்று குறிப்பேட்டில் பதினோராவது செடிக்குப் பின் வெற்றிடம். அந்த ஒலியைக் கேட்டதும் அவர் மனத்தில் எந்தத் திரைப்படக் காட்சி ஓடியதோ, எந்தப் பழைய சண்டை நினைவுக்கு வந்ததோ, நான் கேட்கவில்லை. விரைவாகத் திறக்கும் திறனை விளம்பரங்கள் வியந்து எழுதுகின்றன. கள ஆய்வில் அது ஒரு குறை. மெதுவாக, இரு கைகளால், நகத்தை அலகின் பள்ளத்தில் வைத்துத் திறக்கும் கத்தி, அடுத்து என்ன நடக்கப் போகிறது என்பதை எதிரில் இருப்பவருக்கு முன்கூட்டியே அறிவிக்கிறது.

இவ்விடத்தில் தமிழ் மாணவர்கள் நினைவுகூர வேண்டிய ஒரு பொருள் உண்டு: மடக்கெழுத்தாணி. ஓலையில் எழுதிய காலத்து எழுத்தாணிகளுள் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி எனப் பல வகைகள் இருந்தன. மடக்கெழுத்தாணியில் ஒருபுறம் எழுதும் முனை, மறுபுறம் ஓலையை வாருவதற்கான சிறு கத்தி. இரண்டும் மடங்கிப் பிடிக்குள் அடங்கும். தொழிற்சாலை மடக்குக் கத்திகள் நம் கைக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்பே, மடங்கும் கத்தி ஒன்று படித்தவர்களின் மடியில் இருந்திருக்கிறது. அது எழுதுகருவியின் ஒரு பகுதியாக இருந்திருக்கிறது. ஐரோப்பாவிலும் கதை வேறன்று. இறகுப் பேனாவைச் சீவுவதற்கான சிறு கத்தியே பேனாக் கத்தி. இறகுப் பேனா போய்விட்டது. பெயர் தமிழிலும் மலையாளத்திலும் இன்றும் நிற்கிறது. மீனாட்சிபுரத்தின் கடைத்தெருவில் எந்த மொழியில் ‘பேனாக் கத்தி’ என்று கேட்டாலும் கடைக்காரருக்கு விளங்கும். அவர் முகமும் மாறாது. எனக்கு இந்த மரபே ஏற்புடையது. ஆய்வாளரின் மடக்குக் கத்தி வாளின் உறவு அன்று, எழுதுகோலின் உறவு. பட்டியலை இந்தக் கண்ணோடு படித்தால் தேர்வு எளிதாகிவிடும்.

இனிச் செய்முறை. பூட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் விரல் போவது அங்கேதான். பூட்டே இல்லாத, விற்சுருளின் அழுத்தத்தால் மட்டும் நிற்கும் பழைய வகை ஒன்று. 1960களில் பக் 110 பரவலாக்கிய முதுகுப்பூட்டு ஒன்று. மைக்கேல் வாக்கர் 1980களில் உருவாக்கிய, பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு பக்கவாட்டில் நகர்ந்து அலகின் அடியைத் தாங்கும் உட்தகட்டுப் பூட்டு ஒன்று. 1998இல் பெஞ்ச்மேட் கொண்டுவந்த, குறுக்குக் கம்பி ஒன்று அலகைப் பிடிக்கும் வகை ஒன்று. ஒப்பினெல் கத்தியில் 1955 முதல் உள்ள, கையால் திருகும் வளையம் ஒன்று. இவற்றுள் மலிவான ‘டாக்டிகல்’ கத்திகளில் அதிகம் காண்பது உட்தகட்டுப் பூட்டு. நன்றாகச் செய்யப்பட்டால் நல்ல பூட்டு. மோசமாகச் செய்யப்பட்டால், கத்தியை முறுக்கும் நேரத்தில் தகடு நழுவும். எங்கள் குழுவில் ஒரு மாணவர், வேர்த்தண்டு ஒன்றை மண்ணிலிருந்து நெம்பும்போது அப்படித்தான் அலகு மடங்கியது. ஆள்காட்டி விரலில் மூன்று தையல். கத்தியின் பெயரைச் சொல்லிப் பயனில்லை. புகழ்பெற்ற வடிவம் ஒன்றின் போலி அது. அவர் செய்த வேலைக்கு எந்த மடக்குக் கத்தியும் ஏற்றதன்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மண்ணைத் தோண்ட மண்வெட்டி இருக்கிறது. குறைந்தது ஒரு குச்சியாவது இருக்கிறது.

என் பரிந்துரை: வளையப் பூட்டு அல்லது முதுகுப்பூட்டு. வளையத்தில் மணல் புகுந்தாலும் தட்டி எடுத்துவிடலாம். பூட்டியிருக்கிறதா என்பது கண்ணுக்கும் விரலுக்கும் தெரியும். திருக மறந்தால் காக்காது என்பது அதன் குறை. தில்லிக்கும் இங்கிலாந்துக்கும் போகிறவர்கள் பூட்டற்ற சிறிய கத்தியோடு நின்றுகொள்வதே நல்லது.

எஃகைப் பற்றிக் கணினித் திரையில் நடக்கும் விவாதங்கள் முடிவற்றவை. சுருக்கமாக: கூர் எவ்வளவு நாள் நிற்கும் என்பதும், மழுங்கியபின் எவ்வளவு எளிதாகத் திரும்பி வரும் என்பதும் பெரும்பாலும் எதிரெதிர்த் திசையில் இழுப்பவை. உயர்விலைக் கத்திகளில் வரும் எஸ்30வி எஃகில் ஏறத்தாழ 4 விழுக்காடு வனேடியம் உண்டு. அதன் கார்பைடுத் துகள்கள் நம் ஊர்ச் சாணைக்கல்லைவிடக் கடினமானவை. கூர் நெடுநாள் நிற்கும். போனபின் வைரத்தூள் பதித்த தகடு இல்லாமல் எளிதில் மீளாது. விக்டோரினாக்ஸ் போன்றவர்கள் வேண்டுமென்றே ராக்வெல் அளவில் 56ஐ ஒட்டிய மென்மையான, துருப்பிடிக்காத எஃகைப் பயன்படுத்துகிறார்கள். அது இரண்டு நாளில் மழுங்கும். அடுத்த வீட்டுத் தீட்டுக்கல்லில் ஐந்து நிமிடத்தில் மீளும். அண்மையில் மலிவாகக் கிடைக்கும் டி2 எஃகில் குரோமியம் 12 விழுக்காடு அளவில் இருந்தாலும், அதன் ஒரு பகுதி கார்பைடுகளில் சிக்கிக்கொள்வதால் முழுமையாகத் துருவைத் தாங்காது. மழைமறைவில் இருக்கும் வறண்ட சின்னாற்றில் அது தாக்குப்பிடிக்கும்; அங்கிருந்து மலையேறி மூணாறு மழையில் ஒரு வாரம் இருந்தால் புள்ளி புள்ளியாகப் பூக்கும். பாக்கும் வாழையும் நறுக்குபவர்கள் கரிம எஃகு கறுப்பதை அன்றாடம் பார்க்கிறார்கள். அது கறை மட்டுமே, கேடன்று. ஆனால் மாதிரியின்மேல் கறை படிவதை நாம் விரும்ப மாட்டோம்.

(எஃகைப் பேசும்போது ஒரு கிளைக்கதை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரையைக் கரூருடன் இணைத்த பழைய வணிகப் பாதையில், நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்கள் அங்கு அகழ்ந்தெடுக்கப்பட்டன. தென்னிந்திய உருக்கை ‘வூட்ஸ்’ என்ற பெயரில் 1820ஐ ஒட்டி லண்டனில் ஆராய்ந்தவர்களுள் ஒருவர் மைக்கேல் ஃபாரடே. அவருக்குத் துணைநின்ற ஜேம்ஸ் ஸ்டோடார்ட் தொழிலால் கத்தி செய்பவர். நம் மாணவர்கள் இறக்குமதி எஃகின் எண்களை மனப்பாடமாகச் சொல்வதைக் கேட்கும்போது இது எனக்கு நினைவுக்கு வரும்.)

அலகின் நீளம் 7 முதல் 8 சென்டிமீட்டர் வரை போதும். அதற்கு மேல் தேவைப்படும் வேலை எதுவாயினும் கத்தரிக்கோ ஊர்க்காரரின் கொடுவாளுக்கோ உரியது. கொடுவாளை அவர் கையாலேயே செய்யச் சொல்லிக் கேட்பது வேலைக்கும் நல்லது, பேச்சுக்கும் நல்லது. அலகின் தடிமன் குறைவாக இருக்கட்டும். ‘டாக்டிகல்’ கத்திகள் உடையக்கூடாது என்பதற்காகத் தடித்த அலகோடு வருகின்றன; அவை கிழங்கை நறுக்குவதில்லை, பிளக்கின்றன. பிடியின் நிறம் கறுப்பாகவோ காட்டுப்பச்சையாகவோ இருக்க வேண்டாம். சருகுகளுக்கிடையே தவறவிட்ட காட்டுப்பச்சைக் கத்தியைத் தேடியவர்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. சிவப்பு நல்லது.

பெயர் சொல்லியே ஆகவேண்டுமென்றால் இரண்டு சொல்வேன். ஒன்று, ஸ்விட்சர்லாந்துப் படைக்கு 1891 முதல் கத்தி வழங்கிவரும் விக்டோரினாக்ஸின் சிவப்புப் பிடிக் கத்தி. அலகு ஒன்றோ இரண்டோ உள்ள எளிய வகை போதும். இருபது கருவி கொண்டது வேண்டாம். படைக்காகவே செய்யப்பட்ட கத்தி உலகெங்கும் பள்ளி ஆசிரியரின் கத்திபோலத் தோன்றுவதும், தொழிலாளிக்காகச் செய்யப்பட்டது படைக்கலம்போலத் தோன்றுவதும் ஒரு வேடிக்கை. மற்றொன்று, பிரான்சின் சவாய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890இல் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்தி. அதன் 8ஆம் எண் 8.5 சென்டிமீட்டர் அலகு கொண்டது, மிகவும் இலேசானது, மெல்லியது, துருப்பிடிக்காத எஃகிலும் கிடைக்கிறது. நான் சொன்ன வரம்பைச் சற்றுத் தாண்டுகிறது என்பவர்கள் 7ஆம் எண்ணை எடுத்துக்கொள்ளலாம். உழவர்களுக்காகச் செய்யப்பட்டது, பார்த்தாலும் அப்படியே தெரியும். ஒரு குறை: மரப்பிடி ஈரத்தில் உப்பும். மழைக்காலத்தில் இடுக்கியில் அலகு பிடிக்குள் இறுகிக்கொண்டு திறக்க மறுக்கும். வாங்கிய உடனே மூட்டுப் பகுதி மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் ஊட்டி, நன்றாக உலரவிட்டு, மீண்டும் ஊட்டினால் பெருமளவு அடங்கும். ஜூன், ஜூலையில் மலைக்குச் செல்பவர்கள் முதலாவதையே எடுத்துச் செல்லுங்கள்.

பராமரிப்பில் ஒன்றே ஒன்று. பலாப்பால், கள், மாம்பழச் சாறு எதுவாயினும் அன்று மாலையே அலகைத் திறந்து வெந்நீரில் கழுவி, அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். வீட்டில் கைக்கு எட்டுவது தேங்காய் எண்ணெய்தான். மீனாட்சிபுரத்து வெயிலில் அது வேலை செய்யும். ஆனால் 24 பாகைக்குக் கீழே அது உறையத் தொடங்கும். மூணாற்றில் விடியற்காலையில் கத்தி திறக்கவில்லையே என்று என்னை அலைபேசியில் அழைக்க வேண்டாம். தையல் இயந்திர எண்ணெய் ஒரு சிறு குப்பி பையில் இருக்கட்டும்.